திருகாணித் துளையை அடைப்பது எப்படி?

கடையின் மர ரேக்குகளில் தட்டுகளை இடம் மாற்றினால் பழைய திருகாணித் துளைகள் பல்லிளிக்கும். பார்வைக்கு அழகில்லை என்பதோடு, அவற்றில் மாவும் தூசும் சேர்ந்து வண்டுகள் குடியேறும்.

நாம் ஒருமுறை அப்படியொரு துளையில் பட்டி அடைத்து, அதே இடத்தில் மீண்டும் திருகாணியை முடுக்கினோம். எண்ணெய் டின்களின் பாரத்தில் தட்டு சரிந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. பட்டி துளையை மறைக்குமே தவிர, பாரம் தாங்காது.

பாரம் தாங்க வேண்டிய துளைக்கு மரக்குச்சியைப் பொருந்தச் சீவி, ஃபெவிகால் தடவி இறுக அடிக்க வேண்டும். ஒரு நாள் காய்ந்தபின் மிகுதியை அறுத்துவிட்டு, நடுவில் சிறு துளையிட்டுத் திருகாணியை முடுக்கலாம்.

மறைத்தால் மட்டும் போதுமா? அதே மரத்தின் தூளை ஃபெவிகாலில் குழைத்துச் சற்று மேடாக அப்புங்கள், காயும்போது சுருங்கும். சுற்றிலும் வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். பசை படிந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது. நன்கு காய்ந்தபின் மர இழையின் போக்கிலேயே உப்புத்தாளால் தேயுங்கள்.

சிறு துளைதானே என்று விட வேண்டாம். தட்டின்மேல் இருப்பது நம் சரக்கு. கீழே நிற்பவர் நம் வாடிக்கையாளர்!