மின்சாரக் கார் எத்தனை கட்டை ஓடும்?



ஐந்தாம் வகுப்பில் மின்சுற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். உலர் மின்கலன், விசை, சிறு விளக்கு, கம்பி எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, “மின்கலன்களைக் கொண்டு விளக்கு எரிப்பது மட்டுமல்ல, காரையும் ஓட்டலாம், அதுவும் சாதாரணக் கார் அல்ல, கண்மூடித் திறப்பதற்குள் பாய்ந்தோடும் ஸ்போர்ட்ஸ் காரையே ஓட்டியிருக்கிறார்கள்” என்றேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்தான். “சார், நடு ரோட்டுல கரண்டு தீர்ந்துட்டா யாரு சார் தள்ளுறது?” என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால், அது சிரித்து ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று. இதே கேள்வி இங்கிலாந்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தொடங்கி, இலண்டன் நீதிமன்றம் வரை சென்று, நான்கு ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டிருக்கிறது. அந்தக் கதையையும் அதனுள் இருக்கும் அறிவியலையும்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

வழக்கில் சிக்கிய காரின் பெயர் டெஸ்லா ரோட்ஸ்டர். இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய கார். அதன் தூரத்தைப் பற்றி மூன்று கணக்குகள் உண்டு. ஒரு கணக்கின்படி, ஒருமுறை மின்னேற்றினால் அது 55 மைல் ஓடும். நம் பெரியவர்கள் ‘கட்டை’ என்று சொல்வார்களே, அந்த மைல்தான். இன்னொரு கணக்கின்படி 244 மைல். மூன்றாவது கணக்கின்படி 311 மைல். கிலோமீட்டரில் சொன்னால் 88, 393, 501. கார் ஒன்று, மின்கலனும் ஒன்று. இவற்றுள் எது உண்மை? மூன்றுமே உண்மைதான் என்று சொன்னால் நம்புவீர்களா?

கொஞ்சம் பின்னோக்கிச் செல்வோம். மின்சாரக் கார் நேற்று முளைத்த புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். உலகில் முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய காரே மின்சாரக் கார்தான். 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், பாரிஸ் நகருக்கு அருகே அஷேர் என்னும் இடத்தில், கமில் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அவர் காரின் பெயருக்கு ‘ஒருபோதும் மனநிறைவு கொள்ளாதவள்’ என்று பொருள். காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டும் என்று காரை நீர்மூழ்கிக் குண்டு போன்ற வடிவில் செய்துவிட்டு, ஓட்டுநரை மட்டும் அதன் மேல் குதிரைக்காரனைப் போல நிமிர்ந்து உட்கார வைத்திருந்தார்கள்! படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் வேடிக்கையாக இருக்கும்.

அப்படிப்பட்ட மின்சாரக் கார் ஏன் மறைந்தது? ஈய மின்கலன்கள் கனமானவை. அந்தக் கனத்துக்கு ஏற்ற மின்சாரத்தை அவை தேக்கி வைக்கவில்லை. பெட்ரோல் காருக்கு அப்போதிருந்த பெருங்குறை, கையால் சுற்றித்தான் அதை இயக்க வேண்டும் என்பது. 1912இல் கெடிலாக் காரில் மின்சாரத்தால் இயங்கும் தொடக்கி வந்ததும் அந்தக் குறையும் நீங்கியது. அதாவது, ஒரு சிறு மின்கலனும் ஒரு சிறு மின்சார மோட்டாரும் சேர்ந்து பெட்ரோல் காருக்கு உதவி செய்து, மின்சாரக் காரை வீட்டுக்கு அனுப்பிவிட்டன.

அதன் பிறகு பல பத்தாண்டுகள் மின்சாரக் கார் என்றால் மெதுவாக ஊர்கின்ற வண்டி என்ற எண்ணமே நிலைத்தது. அதை மாற்ற முனைந்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆலன் கொக்கோனி என்ற பொறியியலாளர். அவருடைய ஏசி புரொபல்ஷன் நிறுவனம் 1997இல் ‘டீ-ஸீரோ’ என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. உள்ளே இருந்தவை 28 ஈய மின்கலன்கள். வேகம் பிரமாதம், தூரமோ 80 முதல் 100 மைல் வரைதான். 2003இல் ஈயத்தைக் கழற்றிவிட்டு, மடிக்கணினிகளில் இருக்கும் லித்தியம் மின்கலன்களை ஆயிரக்கணக்கில் வைத்தார்கள். காரின் எடை 200 கிலோவுக்கு மேல் குறைந்தது. தூரம் ஏறத்தாழ 300 மைலாக உயர்ந்தது. இந்த மாற்றத்துக்குப் பணம் கொடுத்துத் தூண்டியவர் மார்ட்டின் எபர்ஹார்டு. அந்த டீ-ஸீரோவைக் கடைக்கு வந்து விற்கும் அளவில் செய்ய நிறுவனத்தார் விரும்பவில்லை என்றதும், அதே 2003இல் மார்க் டார்ப்பெனிங் என்பவரோடு சேர்ந்து அவர் தொடங்கியதுதான் டெஸ்லா நிறுவனம்.

அவர்களின் முதல் காரான ரோட்ஸ்டர் 2006 ஜூலையில் மக்கள் முன் காட்டப்பட்டு, 2008இல் விற்பனைக்கு வந்தது. அதன் உடற்கூடு இங்கிலாந்தின் ஹெத்தல் என்னும் ஊரில் லோட்டஸ் தொழிற்சாலையில் உருவானது. அந்த நாளில் லோட்டஸ் நிறுவனம் நம் மலேசியாவின் புரோட்டோனுக்குச் சொந்தமாக இருந்தது என்பதை நேயர்களுள் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். 1996இல் வாங்கிய அந்த நிறுவனம் 2017இல் கைமாறியது.

இனி அந்தக் காரின் மின்கலனைத் திறந்து பார்ப்போம். உள்ளே ஒரே பெரிய மின்கலன் இல்லை. நம் டார்ச் லைட் மின்கலனைப் போன்ற உருளை வடிவில், 18 மில்லிமீட்டர் பருமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சிறு மின்கலன்கள் அடுக்கியிருக்கின்றன. 69 மின்கலன்களைப் பக்கம் பக்கமாக இணைத்தால் ஒரு கட்டு. அப்படி 9 கட்டுகள் சேர்ந்தால் ஒரு தட்டு. மொத்தம் 11 தட்டுகள். பெருக்கிப் பாருங்கள்: 69, 9, 11. விடை 6,831. இதை என் மாணவர்களிடம் பெருக்கல் கணக்காகவே கொடுத்தேன். பக்கம் பக்கமாக இணைப்பதால் நீண்ட நேரம் தாங்கும். கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுப்பதால் வோல்ட் கூடும். ஒரு மின்கலன் 3.7 வோல்ட் என்றால், 99 கட்டுகளுக்கு ஏறத்தாழ 366 வோல்ட்.

இவ்வளவும் சேர்ந்து தேக்கி வைப்பது 53 கிலோவாட் மணி மின்சாரம். மின்கட்டணச் சீட்டில் நாம் யூனிட் என்று படிக்கிறோமே, அந்தக் கணக்கில் 53 யூனிட். எடையோ ஏறத்தாழ 450 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். ஆக, 450 கிலோ மின்கலனில் இருப்பது ஏறக்குறைய 6 லிட்டர் பெட்ரோலின் ஆற்றல்தான். ஒரு சிறிய மோட்டார் சைக்கிளின் தொட்டியை ஒன்றரை முறை நிரப்பும் அளவு! இதைக் கேட்டால், பையனின் சந்தேகம் நியாயமானதுதான் என்று தோன்றுகிறது அல்லவா?

ஆனால், 6 லிட்டர் பெட்ரோல் ஊற்றி எந்த ஸ்போர்ட்ஸ் காரும் 393 கிலோமீட்டர் போவதில்லை. பெட்ரோல் இயந்திரம் தன்னிடம் கொடுக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கை அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஓட்டத்துக்குத் தருகிறது. மிச்சம் வெப்பமாகப் போய்விடுகிறது. மின்சார மோட்டார் பத்தில் ஒன்பது பங்கை ஓட்டமாக மாற்றுகிறது. கையில் இருப்பது கொஞ்சம்தான். ஆனால் செலவு செய்வதில் மிகச் சிக்கனம்.

இந்தச் சிக்கனம் எப்போது குலைகிறது என்பதுதான் முக்கியம். ஓடும் காரைத் தடுப்பவை இரண்டு: டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள தடை ஒன்று, எதிர்க்காற்று மற்றொன்று. டயரின் தடை வேகத்தால் அதிகம் மாறுவதில்லை. காற்றின் தடை அப்படியன்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். மணிக்கு 55 கிலோமீட்டரில் ஓடியவர் 110 கிலோமீட்டரில் ஓடினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைத் தள்ளுவதற்கு நான்கு மடங்கு ஆற்றலைச் செலவிடுகிறார். “பாதி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறோமே, கணக்கு சரியாகிவிடாதா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஆகாது. ஒரு வினாடிக்கு ஆகும் செலவு எட்டு மடங்காகிறது, நேரம் பாதியாகிறது, எட்டில் பாதி நான்கு.

பந்தயத் தடத்தில் இன்னொரு செலவும் உண்டு. ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள காரை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர, காற்றையும் உராய்வையும் விட்டுவிட்டுப் பார்த்தாலே, ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேவை. அடுத்த வளைவில் பிரேக்கை அழுத்துகிறோம். மோட்டாரே மின்னாக்கியாக மாறி ஒரு பகுதியை மின்கலனுக்குத் திருப்பித் தரும். ஆனால் திடீரென்று பலமாக அழுத்தும்போது, பெரும்பகுதி பிரேக் தட்டுகளில் சூடாகப் போய்விடும். வளைவுக்கு வளைவு இப்படியே நடந்தால் 53 யூனிட் எத்தனை நேரம் தாங்கும்?

இப்போது நம் மூன்று கணக்குகளுக்கு வருவோம். 53 யூனிட்டை 88 கிலோமீட்டரில் கரைத்தால், ஒரு கிலோமீட்டருக்கு 600 வாட் மணி. 393 கிலோமீட்டரில் என்றால் 135. 501 கிலோமீட்டரில் என்றால் 106. முதலாவது, பந்தயத் தடத்தில் காலை எடுக்காமல் மிதித்தவரின் செலவு. இரண்டாவது, ஆய்வுக்கூடத்தில் காரை உருளைகள் மேல் ஏற்றி, குறித்த விதிப்படி ஓட்டி, அமெரிக்க அரசாங்க முறையில் அளந்த செலவு. மூன்றாவது, 2009 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் சைமன் ஹாக்கெட் என்பவர் பொறுமையாக, மெதுவாக ஓட்டிப் பெற்ற செலவு. ஆள் நடமாட்டம் குறைந்த அந்தப் பாலைவனச் சாலையில், மின்சாரம் தீர்ந்தால் தள்ளுவதற்கு யார் இருந்திருப்பார்கள்?

முதல் கணக்குத்தான் வம்பை இழுத்து வந்தது. 2008 டிசம்பரில் இங்கிலாந்தின் பிபிசி தொலைக்காட்சியில் ‘டாப் கியர்’ நிகழ்ச்சி ரோட்ஸ்டரைச் சோதித்துக் காட்டியது. அதன் பாய்ச்சலைப் புகழ்ந்த நிகழ்ச்சியாளர் ஜெரமி கிளார்க்சன், தங்கள் தடத்தில் 55 மைலில் மின்சாரம் தீர்ந்துவிடும் என்று கணக்கிட்டதாகச் சொன்னார். உடனே, காரைச் சிலர் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போகும் காட்சி வந்தது. என் மாணவன் கேட்ட கேள்விக்குப் படத்தோடு பதில்! டெஸ்லா நிறுவனம் 2011இல் வழக்குத் தொடுத்தது. கார்களின் மின்சாரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை; தள்ளும்படி எந்தக் காரும் நிற்கவில்லை என்பது அதன் வாதம். தீர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் காட்டினோம் என்றது எதிர்த்தரப்பு.

வழக்கில் நிறுவனம் தோற்றது. 2013 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பந்தயத் தடத்தில் ஒரு கார் காட்டும் தூரத்தைச் சாலையில் அது ஓடும் தூரத்தோடு அறிவுள்ள எவரும் ஒப்பிட மாட்டார் என்பது நீதிபதியின் கருத்து. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பார்த்தவர்கள் பெரும்பாலோர் ஒப்பிட்டிருப்பார்கள். ஏனென்றால், அந்த இரு தூரங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. நிறுவனத்தின் மேலும் சிறு குறை உண்டு. எந்த வேகத்தில் என்று சேர்த்துச் சொல்லாமல் தூரத்தை மட்டும் விளம்பரம் செய்தால், வாங்குபவர் அதை வாக்குறுதி என்றுதான் எடுத்துக்கொள்வார். இத்தனைக்கும் ரோட்ஸ்டரின் திரையிலேயே இரண்டு தூரங்களைப் பார்க்கலாம்: விதிப்படி ஓட்டினால் எவ்வளவு, இதுவரை நீங்கள் ஓட்டிய விதத்திலேயே தொடர்ந்தால் எவ்வளவு என்று.

பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரும் பந்தயத் தடத்தில் பல மடங்கு குடிக்கத்தான் செய்கிறது. அதைப் பற்றி யாரும் அஞ்சுவதில்லை. எண்ணெய் நிலையத்தில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம் என்ற துணிவு இருக்கிறது. ரோட்ஸ்டருக்கு அந்த வசதி இல்லை. நம் வீட்டின் 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால், 240 வோல்ட்டைப் 13ஆல் பெருக்கி, மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட். 53 யூனிட் ஏற 17 மணி நேரம். வழியில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். தனிக் கம்பி இழுத்துப் பெரிய இணைப்புக் கொடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடியும். ஆகவே, தூரத்தைப் பற்றிய அச்சம் என்று சொல்லப்பட்டதில் பாதி, நேரத்தைப் பற்றிய அச்சமே.

2012 வரை ஏறத்தாழ 2,450 ரோட்ஸ்டர்கள் செய்யப்பட்டன. 2017 நவம்பரில் அதே பெயரில் ஒரு புதிய காரை அறிவித்தார்கள். மின்கலன் 200 யூனிட். தூரம் 620 மைல். இம்முறை நெடுஞ்சாலையில் ஓடும் தூரம் என்று சேர்த்தே சொன்னார்கள். 2020இல் வரும் என்றார்கள். அந்த ஆண்டு வரவில்லை.