பழைய கணக்கு எப்போது தீரும்?

லண்டனில் உங்களுக்கு ஒரு டிரைவர் உத்தியோகம் கிடைக்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி உங்கள் லைசென்ஸை வாங்கிப் பார்க்கிறார். அதில் உங்கள் படம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. நீங்கள் செய்த தப்புத்தண்டா ஒன்றும் அதில் இல்லை. 2015 ஜூன் வரை அதெல்லாம் லைசென்ஸுடன் சேர்ந்த ஒரு காகிதத்தில் இருந்தது. இப்போது சர்க்கார் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. நீங்களே ஒரு சங்கேதக் குறியை வாங்கி முதலாளியிடம் கொடுக்க வேண்டும். 21 நாளைக்குள் அவர் அதைத் தட்டிப் பார்த்தால் உங்கள் வண்டவாளம் தெரிந்துவிடும்!

எவ்வளவு பழைய வண்டவாளம் என்கிறீர்களா? வேகமாக ஓட்டி அகப்பட்டிருந்தால் 4 வருஷம். குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் 11 வருஷம். அதற்குப் பிறகு அந்த வரி அழிந்துபோகும். ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் லேசுப்பட்டவரல்ல. லைசென்ஸ் கணக்கில் 4 வருஷத்தில் அழிந்த தப்பைக்கூட அவர் 5 வருஷம் வரை கேட்கலாம். கேட்டால் மறைக்கக் கூடாது.

போலீஸ், கோர்ட்டு சமாசாரம் வேறு. இங்கிலாந்தில் 1974-ல் ஒரு சட்டம் செய்தார்கள். தண்டனை முடிந்து, குறிப்பிட்ட காலம் வேறு தப்பு செய்யாமல் இருந்துவிட்டால் அந்தக் குற்றம் 'செலவழிந்து' போகும். அபராதம் கட்டியவருக்கு ஒரு வருஷம். ஒரு வருஷத்துக்கு மேல் 4 வருஷம் வரை சிறையில் போடப்பட்டவருக்கு, தண்டனைக் காலம் முடிந்த பின் இன்னும் 4 வருஷம். இது 2023 அக்டோபரில் திருத்திய கணக்கு. செலவழிந்த பிறகு சாதாரண வேலைக்குப் போகும்போது, "முன்பு தண்டனை உண்டா?" என்று கேட்டால், "இல்லை" என்று தாராளமாகச் சொல்லலாம். பொய்யல்லவா என்று தயங்க வேண்டாம்; சட்டமே அப்படிச் சொல்ல அனுமதிக்கிறது.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கேதான் ஒரு பெண்மணி மாட்டிக்கொண்டார். கோர்ட்டு அவர் பெயரை வெளியிடவில்லை. 'பி' என்ற ஒற்றை எழுத்தோடு நிறுத்திவிட்டது.

1999-ல் அவருக்கு வயது 28. தங்க வீடில்லை. மனநோய் வேறு, அது இன்ன நோய் என்று அப்போது யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு கடையில் ஸாண்ட்விச் எடுத்தார். போலீஸார் எச்சரித்து விட்டுவிட்டார்கள். சில மாதம் கழித்து ஒரு புத்தகம் எடுத்தார். விலை 99 பென்ஸ். ஒரு பவுன்கூட இல்லை! ஜாமீனில் விட்டார்கள், குறித்த நாளில் கோர்ட்டுக்கு வரவில்லை. ஆக, புத்தகத்துக்கு ஒன்று, வராததற்கு ஒன்று என இரண்டு குற்றங்கள் பதிவாயின. நீதிபதி அபராதம்கூடப் போடாமல், இனி ஒழுங்காக இரு என்ற நிபந்தனையோடு அனுப்பிவிட்டார்.

பிறகு நோய் கட்டுப்பட்டது. வேறு தப்பு எதுவும் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கு உதவியாளராகச் சேர ஆசைப்பட்டார். சிறைக்குப் போகாத சில்லறைக் குற்றமானால் 11 வருஷத்துக்குப் பின் சான்றிதழில் காட்ட வேண்டாம் என்று 2013-லேயே விதி வந்திருந்தது. ஆனால் அது ஒரே ஒரு குற்றம் உள்ளவருக்குத்தான். இரண்டு இருந்தால் இரண்டையும் ஆயுசு முழுவதும் காட்டியாக வேண்டும். இவருக்கோ இரண்டு!

பெண்மணி விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இப்படித் தலையை மட்டும் எண்ணுவது மனிதரின் சொந்த வாழ்க்கைக்கு உள்ள உரிமைக்குப் பொருந்தாது என்று 2019 ஜனவரி 30-ல் தீர்ப்பாயிற்று. 2020 நவம்பர் 28 முதல் விதி மாறியது. சிறைக்கு அனுப்பிய குற்றங்களும், சட்டம் தனியே பட்டியல் போட்டிருக்கும் கொடிய குற்றங்களும் இன்றும் சான்றிதழில் நிற்கின்றன. மற்றவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள்.

99 பென்ஸ் புத்தகம் கணக்கிலிருந்து இறங்க 21 வருஷம் பிடித்தது.