தத்தெடுத்த குழந்தையைத் திருப்பி ஒப்படைக்க முடியுமா? சட்டம் கூறுவது என்ன?

கொச்சி: தத்தெடுத்த குழந்தையுடன் ஒத்துப்போக முடியவில்லை என்பதற்காக, அக்குழந்தையைக் காப்பகத்தில் திரும்ப விட்டுவிட முடியுமா? வட இந்தியாவிலிருந்து சிறுமியைத் தத்தெடுத்த கேரளத் தம்பதி, அதனை ரத்து செய்யக் கோரி எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர்நீதிமன்றத்தை நாடியதால், 2023-ஆம் ஆண்டில் இக்கேள்வி எழுந்தது. பெற்றோரின் தரப்பை மட்டும் கேட்டு முடிவெடுக்காமல், சிறுமியின் நிலையை அறிந்து அறிக்கை அளிக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது.

எந்தச் சட்டம் பொருந்தும்?

கொச்சங்காடி உள்ளிட்ட மட்டாஞ்சேரிப் பகுதியில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் அருகருகே வாழ்கின்றனர். ஆனால் தத்தெடுப்புச் சட்டம் அனைவருக்கும் ஒன்றல்ல. இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, முறையாக நடைபெற்ற தத்தெடுப்பை ரத்து செய்ய இயலாது. இச்சட்டம் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தாது. எனினும், சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் எச்சமயத்தவரும் தத்தெடுக்கலாம் என 2014-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இரண்டு கட்டங்கள்

சிறார் நீதிச் சட்டத்தின் கீழான 2022-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள், தத்தெடுப்பு முறிவை இரண்டாகப் பிரிக்கின்றன. இறுதி ஆணைக்கு முன்பே குழந்தையும் குடும்பமும் பொருந்தாமல் போவது முதல் வகை. ஆணைக்குப் பிறகு முறிவது இரண்டாம் வகை. இதற்கு மாவட்ட ஆட்சியரின் ஆணை தேவை. தத்தெடுப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் 2022 செப்டம்பர் 1 முதல் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றப்பட்டது. இரு வகையிலும் முதலில் மனநல ஆலோசனை வழங்கப்பட வேண்டும். அது பலனளிக்காவிட்டால் மட்டுமே, குழந்தை தத்தெடுப்பு நிறுவனத்தின் பராமரிப்புக்குத் திரும்பி, மீண்டும் தத்துக்குரிய பட்டியலில் சேர்க்கப்படும்.

ஆணை ரத்தாகும் வரை, பெற்ற குழந்தைக்குரிய அனைத்து உரிமைகளும் தத்துக் குழந்தைக்கும் உண்டு. பொறுப்பில் உள்ள குழந்தையைக் கைவிடுவது, 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

278 குழந்தைகள்

2017-18, 2018-19 ஆகிய இரு ஆண்டுகளில் உள்நாட்டில் தத்தெடுக்கப்பட்ட 6,650 குழந்தைகளில் 278 பேர், அதாவது சுமார் 4 சதவீதத்தினர், திருப்பி ஒப்படைக்கப்பட்டதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட தரவுகள் கூறுகின்றன. ஒருமுறை குடும்பத்தை இழந்த குழந்தைக்கு இது இரண்டாவது இழப்பு.

எனவே, சிக்கல் தொடங்கும்போதே தத்தெடுப்பு நிறுவனத்தையோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ பெற்றோர் அணுகுவது நல்லது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐயும் தொடர்புகொள்ளலாம்.