ஐந்தரை மணிக்குத் தொடங்கும் பேச்சு

அக்டோபர் கடைசி வார இறுதி. சனிக்கிழமை விடிகாலை 5.30. உலகப் பொது நேரப்படி அப்போதுதான் நாள் பிறக்கிறது. அந்த நொடியில் 'சி.க்யூ. வேர்ல்டு வைடு' போட்டி தொடங்கிவிடும். 1948 முதல் நடக்கும் ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கு வானொலியாளர்களின், போட்டி இது. உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர், 48 மணி நேரம், ஒருவரையொருவர் தேடித் தேடிப் பேசுவார்கள்.

சென்னையில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு கம்பம். அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் செம்புக் கம்பி சரிந்து இறங்குகிறது. அதுதான் ஆன்டெனா. கீழே மேசையில் 100 வாட் டிரான்ஸீவர். பழைய குண்டு பல்பு ஒன்றை எரிய வைக்கும் மின்சாரம்தான் அதிலிருந்து வானத்துக்குப் போகிறது. பரிசுக்காக உட்காருகிறவர்கள் கோபுரமும் சுழலும் ஆன்டெனாவும் வைத்து, இரண்டு ராத்திரியும் விழித்திருப்பார்கள். நான் விடியலில் ஒரு மணி நேரம், காலைச் சமையல் முடிந்தபின் அரை மணி நேரம், ராத்திரி கொஞ்சம் என்று போய்வருகிறவன். அப்படிப் போய்வருகிறவர்களுக்கு இந்தப் போட்டி எதைக் காட்டுகிறது என்றுதான் சொல்லப்போகிறேன்.

முதலில் 7 மெகாஹெர்ட்ஸ். டயலை மெல்ல நகர்த்தினால் இத்தாலிக்காரர் ஒருவர் அழைத்துக்கொண்டிருக்கிறார். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் என் கால் சைனை, அதாவது அழைப்புக் குறியீட்டை, ஒருமுறை சொல்கிறேன். "விக்டர் யூனிஃபார்ம்..." என்று தொடங்கி அதை அப்படியே திருப்பிச் சொல்லி, "ஃபைவ் நைன், ஒன் ஃபைவ்" என்கிறார். நான் "ஃபைவ் நைன், டூ டூ" என்கிறேன். "தேங்க் யூ." அவ்வளவுதான், ஆறு வினாடி. ஃபைவ் நைன் என்றால் தெளிவாக, பலமாகக் கேட்கிறது என்று அர்த்தம். பின்னால் வருவது மண்டல எண். இந்தப் போட்டி உலகத்தை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. இத்தாலி 15, இந்தியாவும் இலங்கையும் 22.

ஆறு மணி சுமாருக்குச் சூரியன் எழும். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நான் வருஷா வருஷம் காத்திருந்து கேட்கிறேன். ஐரோப்பியக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கும். பேசுகிறவர் நிறுத்தவில்லை, இத்தாலியில் இன்னும் நடுராத்திரிதான். நம் தலைக்கு மேலே ஒரு கதவு சாத்திக்கொண்டிருக்கிறது.

சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல்வானத்துக் காற்றிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. ஏறக்குறைய 250 முதல் 400 கி.மீ. உயரத்தில் உள்ள எஃப் அடுக்கில் காற்று மிக அரிது. பிரிந்த எலெக்ட்ரான் மறுபடி சேர இணை கிடைக்காமல் ராத்திரி முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். ரேடியோ அலையைப் பூமிக்கே வளைத்து அனுப்புவது அந்தக் கூட்டம். ஆனால் 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் இருக்கும் டி அடுக்கின் கதை வேறு. அங்கே காற்று அடர்த்தி. அலை ஆட்டிவிட்ட எலெக்ட்ரான் பக்கத்து மூலக்கூறில் மோதி, வாங்கிய ஆற்றலை வெப்பமாகத் தொலைத்துவிடும். அலையெண் குறையக் குறைய இந்த இழப்பு கூடும். சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கரைந்துவிடும், விடிந்ததும் திரும்பி வரும். காலையில் என் காதில் மங்குவது அந்த வருகைதான்.

ஒன்பது மணிக்கு 21 மெகாஹெர்ட்ஸுக்கு மாறுகிறேன். 7-க்கு வெட்டிய கம்பி அதன் மூன்று மடங்கான 21-க்கும் ஒத்துப்போகும் என்பது ஒரு வசதி. 6,400 கி.மீ. தள்ளியுள்ள டோக்கியோ பக்கத்துத் தெருபோலக் கேட்கிறது. 300 கி.மீ.கூட இல்லாத பெங்களூருவின் குரல் மட்டும் கேட்காது. அங்கிருந்து செங்குத்தாக ஏறும் அலை இந்த அடுக்குகள் சேர்ந்த அயனிமண்டலத்தைத் துளைத்து விண்வெளிக்கே போய்விடும். சாய்வாகப் போகும் அலைதான் வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும்.

போட்டியின் கணக்கு இப்படி: வேறு கண்டம் என்றால் 3 புள்ளி, ஆசியாவுக்குள் வேறு நாடு என்றால் 1. புதிய நாடும் புதிய மண்டலமும் மொத்தத்தைப் பெருக்கித் தரும். ஒரே பேண்டில் (அலைவரிசைத் தொகுதியில்) ஒரே நிலையத்தோடு இரண்டாவது முறை பேசினால் எதுவும் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் பெரிய நிலையங்கள் தங்களுக்குள் பேசி முடித்திருக்கும். அப்போது அவர்கள் ஏங்குவது இதுவரை கேட்காத குரலுக்கு. என் கம்பியிலிருந்து போகும் பலவீனமான சத்தத்தைப் பொறுமையாக மூன்று முறை கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

மற்ற நாட்களில் 21 மெகாஹெர்ட்ஸில் நிசப்தம் என்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். வானம் மூடியிருக்கலாம், வானம் திறந்தே இருந்தும் யாரும் பேசாமல் இருக்கலாம். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. போட்டி நாட்களில் எல்லாத் திசையிலும் யாரோ ஒருவர் பேசிக்கொண்டே இருப்பதால், நிசப்தத்துக்கு ஒரே பொருள்தான். குரல் வரும் இடமும் வராத இடமும் சேர்ந்து வானத்தின் வரைபடம் ஆகிவிடும்.

விஞ்ஞானிகளும் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, இயற்பியலாளர் நாதானியேல் ஃபிரிஸ்ஸெல் குழுவினர் போட்டி பாணியிலேயே ஹாம்களைப் பேச அழைத்தார்கள். நிழல் கடந்தபோது 7 மெகாஹெர்ட்ஸிலும் அதற்குக் கீழும் சத்தம் வழக்கத்தைவிட அதிக தூரம் போனது. 14-இல் தொடர்புகள் குறைந்தன. பகல் நடுவே ஒரு குட்டி ராத்திரி வந்துபோனதை சாதாரண வீட்டு ஆன்டெனாக்கள் பதிவு செய்திருந்தன.

நம் பக்கத்து வானத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போகிறது. அங்கே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும், தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும் அதனால்தான். பகலில் அந்தக் கோட்டுக்கு மேல் மின்னேற்றத் துகள்கள் நீரூற்றுபோல எழும்பி வடக்கிலும் தெற்கிலும் வழிகின்றன. சூரியன் மறைந்தபின் சில ராத்திரிகளில் எஃப் அடுக்குக்குள் குமிழிகள் கிளம்பும். அவற்றின் வழியே வரும் குரல் ஓடும் மின்விசிறிக்கு முன்னால் நின்று பேசுவதுபோல நடுங்கும். சனிக்கிழமை ராத்திரி ஐரோப்பியர் ஒருவரின் எண் அந்த நடுக்கத்தில் கலைந்து கலைந்து வந்தது. நான்கு முறை கேட்டு எழுதினேன்.

வடகிழக்குப் பருவமழைக் காலம் வேறு. தூரத்து மின்னல் ஒவ்வொன்றும் ஸ்பீக்கரில் படபடக்கும். இடி நெருங்கியதும் ஆன்டெனா கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து லாகில், அதாவது பதிவேட்டில், ஏறியது 43 பெயர். அதைப் போட்டி நடத்துகிறவர்களுக்கு அனுப்பிவிடுவேன். எல்லா லாகுகளையும் கணினி ஒப்பிடும்போது, அந்த 43 பேர் சொன்னதைச் சரிபார்க்க என் பக்கமும் அங்கே இருக்கும்.

ஹாம் ரேடியோவில் பேசத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். மின்னியல் அடிப்படையும் விதிமுறையும்தான் பாடம். பள்ளிப் பிள்ளைகளும் எழுதித் தேறுகிறார்கள்.

திங்கட்கிழமை விடிகாலை 5.25-க்கு மறுபடி 7 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்தேன். சந்தைபோல இரைச்சல். கடைசி நிமிஷத்தில் ஒருவர் மூச்சுவிடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். 5.30 ஆனதும் பாதி வார்த்தையில் நிறுத்தினார். டயலை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தேன், காற்றின் சரசரப்பு மட்டும். சூரியன் எழ இன்னும் அரை மணி நேரம் இருந்தது.