வேப் பெட்டி: திரையில் தெரியாத மில்லி ஓம்கள்

அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கொண்டுவந்து மேசையில் வைத்த வேப் பெட்டியில் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளங்கை அளவு, கையில் எடுத்தால் நல்ல கனம், வண்ணத் திரை, அதில் 80 வாட் என்ற எண். “மாமா, புது பேட்டரி போட்டும் பார்த்துட்டேன். பாதி சார்ஜ் இருக்கும்போதே பேட்டரி வீக்னு காட்டுது” என்றான். வேப் பிடிப்பது பற்றி அவனுக்கும் எனக்கும் உள்ள வழக்கு தனி. அதை இங்கே இழுக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. பேட்டரி புதிது, திரை சரியாக வேலை செய்கிறது, பிறகு சக்தி எங்கே போகிறது?

‘பாக்ஸ் மோட்’ என்று கடைகளில் சொல்லப்படும் இந்தப் பெட்டிக்குள் பொருட்கள் அதிகமில்லை. 18650 என்ற அளவுள்ள இரண்டு லித்தியம் அயன் மின்கலன்கள் (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள்), ஒரு மின்சுற்றுப் பலகை, ஒரு பொத்தான், மேலே திரவத் தொட்டியைத் திருகி மாட்டும் உலோக வாய். தொட்டிக்குள் இருக்கும் கம்பிச் சுருளைச் சூடாக்கித் திரவத்தை ஆவியாக்குவதுதான் மொத்த வேலை. தமிழ்ப்பள்ளியில் மின்கலன், விசை, கம்பி, மின்குமிழ் வைத்துச் செய்த அதே சுற்றுதான். மின்குமிழுக்குப் பதில் சுருள்.

வித்தியாசம் மின்னோட்டத்தின் அளவில் இருக்கிறது. சுருளின் மின்தடை 0.15 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இது இந்த வகைப் பெட்டிகளில் சாதாரணமான அளவு. அதில் 60 வாட் வெப்பம் வேண்டுமென்றால் ஓம் விதிப்படி 3 வோல்ட் கொடுத்தால் போதும். ஆனால் பாயும் மின்னோட்டம் 20 ஆம்பியர். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மூன்று முனைப் பிளக்கில் உள்ள ஃபியூஸ் 13 ஆம்பியருக்கு மேல் தாங்காது என்பதை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில்கூட 10 ஆம்பியர் அளவில்தான் இழுக்கிறது. வீட்டு மின்சாரம் 240 வோல்ட், இது 3 வோல்ட்; ஆகவே கையில் பட்டால் அதிர்ச்சி அடிக்காது. ஆனால் ஒரு கம்பியோ, ஒரு தொடுமுனையோ எவ்வளவு சூடாகும் என்பதைத் தீர்மானிப்பது வோல்ட் அல்ல, அதன் வழியே போகும் ஆம்பியரும் அங்கே உள்ள தடையும்தான். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

இந்தக் கணக்கைத் தொடுமுனைக்குப் போட்டுப் பார்த்தால் பெட்டியின் தரம் என்ன என்பது புரிந்துவிடும். மின்கலனின் அடிப்பாகத்தை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கில் வெறும் 10 மில்லி ஓம், அதாவது ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருக்கட்டும். 20 ஆம்பியர் பாயும்போது அங்கே 4 வாட் வெப்பம் பிறக்கும். பழைய கைப்பேசிச் சார்ஜர் ஒன்று தரும் மொத்த சக்தி 5 வாட். கிட்டத்தட்ட அவ்வளவும் ஒரு ஸ்பிரிங் நுனியில் வந்து குவிகிறது.

இதோடு நின்றால் பரவாயில்லை. சூடான எஃகு ஸ்பிரிங் தன் விறைப்பை இழக்கிறது. விறைப்புக் குறைந்தால் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் தடை கூடுகிறது, தடை கூடினால் மேலும் சூடு. வீட்டில் தளர்ந்துபோன பிளக் குழியின் ஓரம் மெல்ல மெல்லப் பழுப்பாகிக் கருகுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். இரண்டு கலன் பெட்டியில் கலன்களின் நான்கு முனைகள், சுருள் மாட்டும் வாயின் நடு ஊசி, அதன் மரை என்று குறைந்தது ஆறு தொடுமுனைகள் இருக்கின்றன. ஒன்று கெட்டாலும் போதும்.

அக்கா மகனின் பெட்டியில் கெட்டிருந்ததும் அதுதான். கலன்களை வெளியே எடுத்ததும் ஒரு ஸ்பிரிங்கின் நுனி மட்டும் வெண்கல நிறமாக மாறியிருந்தது தெரிந்தது. பொத்தானை அழுத்திக்கொண்டு கலன் முனைக்கும் பலகைக்கும் இடையில் மீட்டர் வைத்து அளந்தால் 0.6 வோல்ட் அங்கேயே காணாமல் போகிறது. அப்போது பாய்ந்தது 12 ஆம்பியர். ஆக ஸ்பிரிங்கின் தடை 50 மில்லி ஓம், அதில் விரயமாவது 7 வாட்டுக்கு மேல். பலகை என்ன செய்யும், பாவம். தன்னிடம் வந்து சேரும் வோல்ட்டைத்தான் அது அளக்கிறது. வழியில் தொலைந்ததைக் கலனின் பலவீனம் என்று நினைத்து ‘பேட்டரி வீக்’ என்று எழுதுகிறது. கலன் நல்ல கலன்.

விலை குறைந்த பெட்டிக்கும் நல்ல பெட்டிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான். மெல்லிய எஃகுச் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் செம்புக் கலவையில் செய்து முலாம் பூசிய பட்டையான தொடுமுனை, கலன் மூடியில் ஆட்டமில்லாத பொருத்தம், தடித்த கம்பி, நிறைவாக ஊறிய ஈயப்பற்று. இவை எதையும் திரையில் காட்ட முடியாது. அதனால்தானோ என்னவோ, விளம்பரத்தில் வாட் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

அந்த எண்ணையும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். இரண்டு கலன் பெட்டி ஒன்றில் ‘200 வாட்’ என்று எழுதியிருக்கிறது. ஒரு கலன் சுமக்க வேண்டியது 100 வாட். பலகையில் சுமார் பத்து விழுக்காடு விரயமாகும் என்று வைத்தால் கலனிலிருந்து எடுப்பது 111 வாட். முழுச் சார்ஜில் ஒரு கலனின் மின்னழுத்தம் 4.2 வோல்ட். சுமை ஏறும்போதும் சார்ஜ் குறையும்போதும் அது 3.2 வரை இறங்கும். வாட் மாறாமல் இருக்க வேண்டும் என்பதால், வோல்ட் இறங்க இறங்கப் பலகை அதிக ஆம்பியரை இழுக்கும். 111ஐ 3.2 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 35 ஆம்பியர். இந்த அளவில் கிடைக்கும் நல்ல கலன்கள் தொடர்ந்து தரக்கூடியது 20 முதல் 30 ஆம்பியர் வரைதான். ஓர் இழுப்பு சில நொடிகளே நீடிப்பதால் கலன் எப்படியோ சமாளிக்கிறது என்பது உண்மை. ஆனாலும் கலனைக் கசக்கிப் பிழிந்துதான் அந்த 200 வருகிறது. சார்ஜ் குறைந்த நிலையில்தான் கலனுக்குப் பாரம் அதிகம் என்பது பலர் எதிர்பாராத விஷயம்.

கலன் வாங்குவதிலும் இதே ஏமாற்று உண்டு. ஒரே அளவுள்ள உருளைக்குள் கொள்ளளவைக் கூட்டினால் தொடர்ந்து தரக்கூடிய ஆம்பியர் பொதுவாகக் குறையும். 2500 மில்லி ஆம்பியர் மணி கொண்ட கலன் 20 ஆம்பியர் தரும். 3500 கொண்டது பெரும்பாலும் அதில் பாதியைத்தான் தரும். உறையில் 9900 என்று அச்சடித்த 18650 கலன் எங்காவது கண்ணில் பட்டால் கையில்கூட எடுக்க வேண்டாம். அந்த உருளைக்குள் அவ்வளவு அடங்காது.

இனி, என்னைக் கேட்டால் முக்கியமான பகுதி இதுதான்: பெட்டி பழுதானால் எந்த நிலையில் நிற்கிறது?

பொத்தானை அழுத்தும்போது சுருளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுவது பொத்தான் அல்ல. அது பலகையில் உள்ள நுண்செயலிக்குச் சைகை மட்டும் தருகிறது. உண்மையான விசை, மாஸ்ஃபெட் என்னும் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய டிரான்சிஸ்டர். விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடிச் சுருளுக்கு வேண்டிய வோல்ட்டை அளந்து கொடுப்பது அதுதான். அளவுக்கு மீறிச் சூடானால் அது செத்துப்போகும். மின்குமிழ் செத்தால் சுற்று அறுந்துவிடும், விளக்கு அணையும். மாஸ்ஃபெட் பெரும்பாலும் அப்படிச் சாவதில்லை. அதன் உள்ளே இரு முனைகளும் ஒட்டிக்கொண்டு, விசை மூடிய நிலையிலேயே நின்றுவிடுகிறது. அதாவது மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். விரலை எடுத்தாலும் நிற்காது.

கடைக்காரர் உடனே சொல்வார்: “பத்து விநாடிக்கு மேல் ஓடாது, தானாக நின்றுவிடும்.” உண்மைதான், செயலி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் செயலி எதன் வழியாக நிறுத்தும்? அதே மாஸ்ஃபெட் வழியாக. செத்துப்போன கதவைப் பூட்டச் சொல்லிக் காவலாளி கூவிக்கொண்டிருப்பான், கதவு அசையாது. தொடராக இணைத்த இரண்டு முழுக் கலன்களின் 8.4 வோல்ட் நேராக 0.15 ஓம் சுருளில் விழுந்தால், கணக்குப்படி 56 ஆம்பியர். கலன்களின் உள்தடையால் உண்மையில் கொஞ்சம் குறையலாம். அதுவே போதுமான ஆபத்து.

அதனால் நல்ல வடிவமைப்பில் இரண்டாவது அரண் ஒன்று, மென்பொருளை நம்பாததாக, இருக்கும். கலனுக்கு மிக அருகில் பலகையில் பற்றவைத்த ஃபியூஸ், அல்லது தனியாக இயங்கும் இன்னொரு விசை. பெட்டி அதோடு பயனற்றுப் போகலாம், ஆனால் அணைந்த நிலையில் போகும். இருபது வெள்ளி மிச்சம் பிடிக்க முயலும் பலகையில் முதலில் காணாமல் போவது இந்த உறுப்புதான்.

பொத்தானும் சாதாரணப்பட்டதல்ல. வேப் திரவத்தின் பெரும்பகுதி கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும். இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையவை. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. தொட்டியிலிருந்து கசியும் துளி, திருகு வாயின் நடு ஊசியைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தைத் தாண்டிப் பலகைக்கு இறங்கினால், பொத்தானின் இரு முனைகளுக்கிடையே ஈரப்பாலம் போட்டுவிடும். யாரும் அழுத்தாமலேயே பெட்டி சூடாகத் தொடங்கும். நல்ல பலகைகளில் இதைத் தடுக்க மெல்லிய காப்புப் பூச்சு இருக்கும். நடு ஊசியைச் சுற்றி ரப்பர் வளையமும் இருக்கும்.

மில்லி ஓம்கள் சுவையையும் கெடுக்கும் என்பது தனிக் கதை. 2014இல் அமெரிக்காவின் எவால்வ் நிறுவனம் டிஎன்ஏ 40 என்ற பலகையில் வெப்பக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. நிக்கல் கம்பி சூடாகச் சூடாக அதன் தடை, ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கூடும். அந்த மாற்றத்தை அளந்தே பலகை வெப்பத்தை ஊகிக்கிறது. 0.1 ஓம் நிக்கல் சுருளில் ஒரு தளர்ந்த மரை 10 மில்லி ஓம் சேர்த்தால், பலகை சுமார் 17 பாகை தவறாகக் கணக்கிடும்.

பெட்டிக்கு வெளியே நடப்பதையும் சொல்லியாக வேண்டும். 2009 முதல் 2016 வரை அமெரிக்காவில் ஊடகங்களில் வெளியான மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்தபோது 195 கணக்கில் வந்தன. அவற்றில் 61, கருவியோ உதிரிக் கலனோ சட்டை, கால்சட்டைப் பையில் இருந்தபோது நடந்தவை. பயன்படுத்தும்போது 60, சார்ஜ் செய்யும்போது 48. பை முதலிடத்தில் இருப்பதற்குக் காரணம் எளிது. 18650 கலனின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. நேர்முனை மேலே நடுவில் ஒரு பொத்தான் அளவு. இரண்டுக்கும் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர், நடுவே ஒரு காகித வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். உறை கிழிந்திருந்து, அதே பையில் வீட்டுச் சாவியோ இருபது சென் காசோ கிடந்தால் சுற்று பூர்த்தியாகிவிடும். தொடையில் தீக்காயம் படுவது இப்படித்தான். விமானப் பயணத்தில் இந்தக் கருவிகளைச் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2015 முதல் இருப்பதும் இந்தத் தீயை நினைத்துத்தான்.

நம் நாட்டில் நிக்கோடின் இல்லாத மின்சிகரெட் கருவிகளுக்கு 2022 முதல் சிரிம் சான்றும் முத்திரையும் கட்டாயம். அமெரிக்காவில் இவற்றின் மின்சுற்று, கலன், சார்ஜ் பகுதி ஆகியவற்றுக்கென யுஎல் 8139 என்ற தரநிலை இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு விற்பதை 852ஆம் சட்டம் 2024 அக்டோபர் முதல் தடை செய்கிறது. சில மாநிலங்கள் விற்பனை உரிமமே தருவதில்லை. முத்திரை இல்லாத பெட்டி மலிவாகக் கிடைக்கிறதென்றால், எந்த உறுப்பைக் குறைத்து மலிவாக்கினார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே வீட்டில் பெட்டி வைத்திருப்பவர்கள் திரையை விட்டுவிட்டுக் கையை நம்பலாம். கலன் மூடியை மூடிக் காதருகே ஆட்டிப் பாருங்கள், கலன் சத்தம் கேட்கக்கூடாது. சில இழுப்புக்குப் பிறகு தொட்டி சூடாக இருப்பது இயல்பு. கலன் மூடியின் ஒரு மூலை மட்டும் சுட்டால் அங்கே ஒரு தொடுமுனை எரிந்துகொண்டிருக்கிறது. கலன் அறையின் அடியில் வாயு வெளியேறத் துளைகள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கலன் பொங்கும்போது மூடிய பெட்டி குண்டாக மாறும். இரண்டு கலன்களையும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் செய்து, ஒன்றாகவே மாற்றுங்கள். பழையதோடு புதியதைச் சேர்த்தால் பழையது முதலில் காலியாகி, புதியது அதை வலிந்து தள்ளும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியை விட்டுப் போக வேண்டாம்.

அக்கா மகனின் ஸ்பிரிங்கைத் தேய்த்துப் பார்த்தேன், விறைப்பு போனது போனதுதான். மாற்றுப் பாகமும் கிடைக்கவில்லை. பலகையைத் திருப்பிப் பார்த்தபோது, ஃபியூஸ் இருக்க வேண்டிய இரண்டு தடங்களுக்கு நடுவே ஃபியூஸ் இல்லை, ஒரு சொட்டு ஈயம் வைத்து இணைத்திருந்தார்கள். அதை அவனிடம் காட்டினேன். கலன்களை மட்டும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, பெட்டியை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான்.