கருப்பட்டியும் கணக்கும்

ஸ்ரீவைகுண்டம் அணையின் தென்கால் பாயும் நெல்வயல்களையும் வாழைத் தோட்டங்களையும் கடந்து தெற்கே சென்றால், திருச்செந்தூர், உடன்குடிப் பக்கம் செந்நிறத் தேரி மணலைக் காணலாம். தாமிரபரணியின் நீர் எட்டாத அம்மணலில், உரமோ பூச்சி மருந்தோ வேண்டாது வளர்ந்து நிற்பது பனை. 1986-ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து, இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்துள்ள உடன்குடியின் கருப்பட்டி, அப்பனை அளிக்கும் செல்வமாகும்.

பனையேறி விடியுமுன் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் மரமேறுகிறார். பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். சுண்ணாம்பு இல்லையேல் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். மாசி, பங்குனியில் தொடங்கும் பருவம் ஆடியோடு ஓய்கிறது. இறக்கிய பதநீரை அன்றன்றே வீட்டுப் பெண்கள் விடிலியில் காய்ச்சுகின்றனர். பொங்கி வழியாதிருக்க, இடித்த ஆமணக்கு முத்துச் சிறிது இடுவர். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவர். 8 முதல் 10 லிட்டர் பதநீருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கருப்பட்டியே தேறும்.

உழைப்பு மிகுதி, கிடைப்பதோ சொற்பம் என்ற இந்நிலையில்தான் ஆசை நுழைகிறது. காய்ச்சும்போது சீனியைக் கலந்தால் எடை பெருகும். பதநீரின் இனிப்பும் சீனியும் பெரும்பாலும் ஒரே சுக்ரோஸ் ஆதலால், நாவினால் எளிதில் பிரித்தறிய இயலாது. ஆய்வகத்தில் அறிய வழியுண்டு. ஆயினும் ஒவ்வொரு சிப்பத்தையும் அங்கே அனுப்புவது சாத்தியமன்று.

சில ஆண்டுகட்கு முன் ஒரு சங்கத்தின் பதிவேடுகளை நாம் தணிக்கை செய்தோம். ஓர் அங்கத்தினர் பெயரில் பதநீர் வரவு 400 லிட்டர். ஒப்படைத்த கருப்பட்டியோ 70 கிலோ. 50 கிலோவுக்கு மேல் வர நியாயமில்லை. அதற்குள் வியாபாரி சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார். கலப்படம் செய்யாத மற்ற அங்கத்தினர்களின் கருப்பட்டியும் அதிலேயே இருந்தது. அவர்களுக்கு அப்பருவத்தின் கூலி கிடைக்கவில்லை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றை இங்கே கூறுவோம். பிரான்சு நாட்டின் சாப்ளி வட்டாரத்தில் 1923-ஆம் ஆண்டு திராட்சை விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். லா சாப்ளிசியேன் என்பது அதன் பெயர். சார்டனே என்ற ஒரே வகைத் திராட்சையின் சாற்றை அங்கத்தினர்கள் ஒப்படைக்க, சங்கம் அதனை ஒயினாக்கி விற்கிறது. ஊர்ப் பெயரைச் சூட்டும் ஒயினுக்கு, ஒரு ஹெக்டேரில் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குச் சட்டம் வரம்பு கட்டியுள்ளது. நிலத்தின் அளவுக்கு மிஞ்சிய ஒயின் கணக்கில் வந்தால், அது அந்தப் பெயரைத் தாங்க முடியாது.

நமக்கும் அதே வழி உகந்தது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. நெசவாள அன்பர்களின் வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலையும் 2023-இல் அதனைப் பெற்றது. பெயரைப் பதிவு செய்ய அரசாங்கம் உதவும். அதனைக் காப்பது சங்கத்தின் கடமை. தினமும் இறக்கிய பதநீரின் அளவையும் ஒப்படைத்த கருப்பட்டியின் எடையையும் ஒவ்வோர் அங்கத்தினரும் பாஸ் புத்தகத்தில் பதிவு செய்தல் வேண்டும். சிப்பந்தோறும் அங்கத்தினர் எண்ணை இடுதல் வேண்டும். நிர்வாகக் குழு வாரம் ஒரு முறை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். வரும் பருவத்திற்குள் இதனைத் தொடங்குமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.