ஒலித்தொகுப்பும் ‘ங்க’ என்னும் ஒட்டும்

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர், ஓரெழுத்து நீங்கினும் பொருள் திரியும் என்பதை நன்கறிவர். திரைப்படத்தில் உரையாடலைத் தொகுப்போரும் அத்தகைய பதிப்பாசிரியரே என்பதை ஒரு சான்று கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

கோவை வட்டாரம் திரைத்தொழிலுக்குப் புதியதன்று. சென்ட்ரல், பட்சிராஜா என்னும் படப்பிடிப்பு நிலையங்கள் இங்கு இயங்கின. 1954-இல் வெளிவந்த ‘மலைக்கள்ளன்’ பட்சிராஜாவின் படைப்பாகும். தொடக்கக்காலப் பேசும்படங்களில் நடிகரின் பேச்சும் பாட்டும் படப்பிடிப்பின்போதே பதிவாயின. 1938-இல் ‘நந்தகுமார்’ பின்னணிப் பாடலைத் தமிழ்த்திரைக்குக் கொணர்ந்தது. 1944-இல் ‘அரிச்சந்திரா’ கன்னடத்தினின்று தமிழில் குரல்மாற்றம் பெற்றது. இவற்றால் ஒலியைக் காட்சியினின்று பிரித்துத் திருத்தும் வழி பிறந்தது. திருத்துவோரின் பொறுப்பும் உடன் பிறந்தது எனலாம்.

கருமத்தம்பட்டி விசைத்தறிகள் மிக்க ஊர். ஆங்கு ஒரு தறிக்கூடத்தில் மாணவர் சிலர் எடுத்த குறும்படத்தை அண்மையில் கண்டோம். முன்பணம் நீட்டும் முதலாளியிடம் இளந்தொழிலாளி, “வேண்டாங்க” என்று கூறும் காட்சி அதன் உயிர்நிலை. தறியோசையைக் குறைக்கவேண்டி மாணவர் கணினியின் இரைச்சல் நீக்கும் கருவியைக் கையாண்டனர். விளைவு யாது? “வேண்டா” என்பது மட்டுமே செவிப்பட்டது. பணிவோடு மறுத்தவன், எடுத்தெறிந்து பேசியவன் ஆயினான்.

இதன் காரணத்தை ஆராய்வோம். சொல்லின் இறுதியில் குரல் தாழ்தல் இயல்பு. மெல்லெழுத்தாகிய ஙகரம் மூக்கொலியாதலின் உயிரினும் வலிகுன்றியது. இடையறாத தறியோசையில் அது மூழ்கவே, கருவி அதனையும் இரைச்சலெனக் கொண்டு களைந்தது. மெய்க்குத் தொல்காப்பியர் வகுத்த அளவு அரை மாத்திரை. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் திரையில் அது மிகச் சிறு பொழுதே. எனினும் கொங்கு வழக்கில் மரியாதை முழுதும் அவ்வொட்டிலேயே தங்குகின்றது.

ஆகவே தொகுப்போர் கொள்ளத்தக்க நெறிகள் சில உள. உரையாடலின்போது தறியை நிறுத்தி, ஒலிவாங்கியைப் பேசுவோர் வாயருகே அமைத்தல் வேண்டும். தறியோசையையும், ஆளரவமற்ற கூடத்தின் அமைதியையும் அரை நிமிடமேனும் தனியே பதிந்துகொள்ளுதல் நன்று. வெட்டிய இடங்களின் இடைவெளியை அவ்வமைதி நிரப்பும். ஒவ்வொருவர் பேச்சையும் தனித்தனித் தடத்தில் வைத்து, சொல் முடிந்து ஒலி முற்றும் அடங்கியபின்னரே வெட்டுதல் வேண்டும். தறியோசையைப் பின்னர்ப் பேச்சின்கீழ்த் தாழ்த்திச் சேர்க்கலாம். மறுகுரல் பதிய நேரின் அவ்வட்டாரத்தாரையே பேசச் செய்தல் தகும். பிறர் நாவில் ‘ங்க’ ஒலிப்பினும் அதன் இழைவு அமைவதில்லை.

மாணவர் மீண்டும் அத்தறிக்கூடம் சென்றனர். தறிகள் நின்ற பின்னர் அவ்விளைஞன் கூறிய “வேண்டாங்க” என்னும் சொல்லே இன்று அப்படத்தில் ஒலிக்கின்றது.